முதல் பந்தியில் ஒரு இதய நோயாளி

நான் பந்தியில் பரிமாறுகிறவன். தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் என்று இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் சாம்பார் வாளி தூக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் கூச்சம். யாரும் என் முகத்தைப் பார்க்காத வேலையாக ஒன்று வேண்டும் என்று தேடியிருந்தால் இதைவிட நல்லது அகப்பட்டிருக்காது. சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்ப்பார், வாளியைப் பார்ப்பார். வாளிக்கு மேலே ஒரு தலை இருப்பது அவர் கண்ணில் படாது.

நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு மனிதர்கள் எல்லாம் கைகள்தான். இலைக்கு மேலே கையை நீட்டி "போதும், போதும்" என்பார்கள். விரல்களைச் சேர்த்து வைத்தால் உண்மையாகவே போதும். விரல்களை அகட்டி வைத்தால் இன்னும் வேண்டும், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்று பொருள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாளி தூக்குகிற எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பரிமாறுகிறவர்களுக்குக் கடைசிப் பந்தி. அதற்குள் வடை தீர்ந்திருக்கும், கூட்டு அடிப்பிடித்திருக்கும், சாதமும் ரசமும் மிச்சம் இருக்கும். அது பரவாயில்லை. விடிகாலையிலிருந்து நெய்யும் பெருங்காயமும் மூக்கில் ஏறி ஏறி, உட்காரும்போது பசி செத்துப் போயிருக்கும். மற்றவர்கள் சமையல்கட்டில் நுழைந்து அப்போதைக்கப்போது ஒரு வடையை வாயில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அதற்கும் கூச்சம். அதனால் நான் எப்போதும் ஒல்லி. என் சட்டை கொடியில் காய்ந்தாலும் என் மேல் இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஆனி மாதம், கிழக்குத் தாம்பரத்து மண்டபம் ஒன்றில், மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சாம்பார் ஊற்றக் குனிந்தேன். அதற்கப்புறம் எனக்கு நினைவு இருப்பது மண்டபத்தின் கூரை. நடுவில் என்ன ஆயிற்று என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் வாளியோடு அந்த மாமாவின் மடியில் சாய்ந்திருக்கிறேன். நல்லவேளை, அது இரண்டாம் சுற்று, சாம்பார் ஆறியிருந்தது. அவர் பட்டுவேட்டியில் முருங்கைக்காயோடு எழுந்து நின்று, "குடிச்சிட்டு வந்து பரிமாறுறாங்கய்யா!" என்று கத்தியிருக்கிறார்.

எங்கள் சமையல் மாஸ்டர் ஓடி வந்தார். அவர் ஆள் பெரியவர், அடுப்படியிலிருந்து வெளியே வருவதென்றால் பக்கவாட்டில்தான் வர வேண்டும். குனிந்து என் வாயை மோந்து பார்த்தார்.

"குடியா? இவன் வாயில இட்லி வாசனகூட இல்ல சார். காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல இவன்."

மாஸ்டரே ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெஞ்சில் ஒயரை ஒட்டிக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு அம்மா. கோபக்காரர், ஆனால் புரிகிற மாதிரி பேசுவார்.

"உன் ரத்தக்குழாய்ல அடைப்பு கிடைப்பு எதுவும் இல்லப்பா. நெஞ்சு துடிக்க உள்ளேயே ஒரு கரண்ட் வரணும். உனக்கு அது அப்பப்ப லீவு போட்டுடுது. அப்பத்தான் நீ விழற. தோலுக்கடியில ஒரு பெட்டி வெச்சு விட்டா, அது லீவு போடறப்பல்லாம் இது தட்டி எழுப்பும்."

அந்தப் பெட்டி ஆஸ்பத்திரியின் தருமக் கணக்கில் எனக்குக் கிடைத்தது. ஆடி பிறந்ததும் இடது தோளெலும்புக்குக் கீழே வைத்துத் தைத்தார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்காதே, காயத்தை நனைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு வார்டில் கூட்டம். சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் குறையை எங்கள் சார் தீர்த்துவைத்தார்.

சார் என்று நான் சொல்வது எங்கள் எதிர்வீட்டுக்காரரை. நாங்கள் பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் பழைய ஊர்க்காரர்கள். எங்கள் தெருவுக்கு எதிரே மனை போட்டுக் காலனி வந்தபோது வீடு கட்டிக்கொண்டு வந்தவர் அவர். அரசாங்க ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு ஒருமுறை அவருக்கு மாரடைப்பு வந்து பிழைத்திருந்தார். அதிலிருந்து எங்கள் வட்டாரத்தில் நெஞ்சு சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு அவர்தான் அதிகாரி. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலையே வந்து, ஸ்டூலைப் போட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அவரோடு பேச இன்னொரு இதய நோயாளி இந்தத் தெருவில் கிடைக்கவில்லை.

"வெல்கம்" என்றார். "இனிமே நீயும் நம்ம கேஸு. எனக்கு வந்தது மேஜர் அட்டாக். உனக்கு என்ன சொன்னாங்க?"

"லீவு போடுதாம் சார்" என்றேன்.

"அது மைனர். கவலப்படாத. ஆனா டயட் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஹார்ட்னா ஹார்ட்தானே? உப்பு கூடாது. எண்ணெய் கூடாது. நெய், தேங்கா கிட்டயே வரக்கூடாது. முட்டை விஷம். பருப்பு வாயு, நெஞ்ச அழுத்தும். தயிர் வேண்டவே வேண்டாம்."

என் மனைவி கதவோரம் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சார் போனதும் அவள் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். சாருக்குத் தெரிந்தது நெஞ்சு. அவளுக்குத் தெரிந்தது காயம். தையல் போட்ட உடம்புக்குக் கத்திரிக்காய் ஆகாது, அரிக்கும். கருவாடு, மீன் ஆகாது, சீழ் பிடிக்கும். கறி சூடு. வாழைப்பழம் குளிர்ச்சி. சார் கழித்தது பாதி, அவள் கழித்தது பாதி. இரண்டும் போக எனக்கு மிஞ்சியது உப்பில்லாத கஞ்சியும் வேகவைத்த சுரைக்காயும்.

சுரைக்காயை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உப்பில்லாத சுரைக்காயை வாயில் போட்டால் அது வாயில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மென்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்குக் கூச்சம் மட்டும் காரணம் அல்ல. என் மனைவியும் அதையேதான் சாப்பிட்டாள். "நீ துன்னாதத நான் எப்டியா துன்னுவேன்?" என்று தனக்கும் உப்பை நிறுத்திவிட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மருந்து மாதிரி ஒவ்வொரு வாயாக முழுங்குவாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி ஊறுகாய் கேட்பது?

காலையில் சார் வந்து என்னை ஏரிக்கரைக்கு நடக்க அழைத்துப்போவார். அவருக்குத் தொந்தி குறைய வேண்டும். எனக்குக் குறைய எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் பின்னாலேயே நடந்தேன். எதிரே வருகிறவர்களிடம் பச்சைக்கல் மோதிரம் போட்ட கையால் என்னைக் காட்டி, "நம்ம ஹார்ட் பேஷண்ட். என் டயட்தான். எப்படி ட்ரிம்மா இருக்கான் பாருங்க" என்பார். நான் ட்ரிம்மாகத்தான் இருந்தேன். காற்று பலமாக அடித்தால் கரையோரம் இருந்த பனைமரத்தைப் பிடித்துக்கொள்வேன்.

ஆடி முடிகிற சமயம் காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாருக்கு அன்று அவருடைய டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது, என் மனைவிக்கு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற வேலை. பெருங்களத்தூரில் மின்சார ரயிலேறித் தனியாகவே போனேன். டாக்டரம்மா சட்டையை விலக்கிப் பார்த்தார். அப்புறம் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

தையல் போட்ட இடம் சேரவே இல்லை. தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுமினுத்தது. பெட்டியின் ஒரு மூலை உள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றது. ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா மேஜையைத் தட்டினார்.

"என்னப்பா சாப்பிடற நீ?"

"கஞ்சிம்மா. சுரக்கா."

"வேற?"

"அவ்ளோதாம்மா."

"யாரு சொன்னா உனக்கு இப்படிச் சாப்பிடச் சொல்லி?"

சார் பெயரைச் சொல்லி அவரைத் திட்டு வாங்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. "நானாத்தாம்மா" என்றேன்.

"உனக்கு என்ன, பைத்தியமா? காயம் ஆறணும்னா உடம்புல சத்து வேணும்பா. வீடு கட்டணும்னா செங்கல் வேணாமா? வெறும் தண்ணிய ஊத்திச் சுவர் எழுப்புவியா? உன் தோலுக்கும் பெட்டிக்கும் நடுவுல சதையே இல்ல. இந்த மூலை தோலைக் கிழிச்சு வெளிய வந்துதுன்னா, கிருமி உள்ள போயிடும். அப்புறம் பெட்டியக் கழட்டித்தான் ஆகணும். கழட்டினா உன் நெஞ்சு மறுபடி லீவு போடும். திரும்பவும் வைக்கறது அவ்வளவு சுலபமில்ல, இன்னொரு பெட்டிக்கு நீ எங்க போவ? முட்டை சாப்பிடு. பருப்பு, பால், தயிர், மீன், எல்லாம் சாப்பிடு. ஆவணி முடியறதுக்குள்ள வா. மூலை இப்படியே இருந்தா எடுத்துடுவேன். சரியா?"

"சரிம்மா" என்று கும்பிட்டேன்.

ரயிலில் திரும்பும்போது முழுக்கைச் சட்டைக்குள் கையை விட்டு அந்த மூலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டுக்காரர் நான் பணத்தை மறைத்து வைத்திருப்பதாக நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தால் சார் உட்கார்ந்திருக்கிறார். கையில் வெள்ளரிக்காய்ப் பை. இருந்த தைரியத்தை எல்லாம் கூட்டி, டாக்டரம்மா நன்றாகச் சாப்பிடச் சொன்னதாகச் சொன்னேன்.

"நல்லாத்தானே சாப்பிடற? அதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றார் சார்.

"முட்ட... துன்னச் சொன்னாங்க சார்."

சார் சிரித்தார். என் மனைவியைப் பார்த்து, "ஹார்ட் பேஷண்டுக்கு எந்த டாக்டராவது முட்டை சொல்லுவாளாம்மா?" என்றார்.

என் மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இது காதுல வாங்கிக்கினு வந்திருக்காது சார். அவங்க பக்கத்துப் படுக்கைக்காரனுக்குச் சொல்லியிருப்பாங்க, இது சரி சரின்னு தலையாட்டிக்கினு வந்திருக்கும். இத எனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வந்தப்போ எங்க மாமா, காப்பிக்குச் சக்கர போதுமான்னு கேட்டாரு. இது சரின்னுச்சு. அதுல சக்கரயே போடல."

அது உண்மைதான். சர்க்கரை இல்லாத காப்பியை அன்று நான் முழுக்கக் குடித்தேன். வாழ்நாள் முழுக்கத் தலையாட்டியவன் ஒருநாள் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சட்டையை விலக்கிக் காயத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் அதைப் பார்த்தால் என் மனைவி பயந்துவிடுவாள். பயந்தால் சுரைக்காயையும் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மாஸ்டரைத் தேடிப் போனேன். மாடம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வாளி தூக்கும் தம்பி ஒருவன் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். வாய்த்துடுக்கு உள்ளவன்.

"இன்னாண்ணா, பாதி ஆளு எங்க? வூட்ல வெச்சிட்டு வந்துட்டியா?" என்றான்.

அவர்கள் இரண்டு பேருக்கு முன்னால் எனக்குக் கூச்சம் குறைவு. எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை விலக்கியும் காட்டினேன். தம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டான். மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டேய், ஊரெல்லாம் சோறு போடறோம். நம்ம ஆளு பட்டினி கெடந்து பொட்டி வெளிய வருதுன்னா அசிங்கம்டா" என்றார். "நீ ஒண்ணு பண்ணு. இந்த மாசம் வாளியத் தொடாத. வெள்ளச் சட்ட போட்டுக்கினு வா. முதல் பந்தியில உக்காரு."

"முதல் பந்தியா?" எனக்கு நெஞ்சு பெட்டியின் தயவில்லாமலே வேகமாக அடித்தது.

"கடைசிப் பந்தி உன் பங்குதானே? அத முதல்லயே துன்னுற, அவ்ளோதான். எவன் கேக்கறான்?"

"யாருன்னு கேட்டா இன்னா மாஸ்டர் சொல்றது?"

"வாயத் தொறக்காத. ரெண்டு கையும் கூப்பி ஒரு கும்புடு போடு. கல்யாணத்துல கும்புடுறவன எவனும் நீ யாருன்னு கேக்க மாட்டான். பொண்ணு வூட்டுக்காரன் உன்ன மாப்ள வூடும்பான், மாப்ள வூட்டுக்காரன் பொண்ணு வூடும்பான்."

மாஸ்டர் சொன்னது அப்படியே நடந்தது. வாசலில் சந்தனம் கொடுத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். நான் கும்பிட்டேன். "வாங்க, வாங்க, பஸ்ஸு லேட்டா?" என்றார் ஒருவர். கும்பிட்டேன். "அக்கா வரலையா?" என்றார் ஒரு அம்மா. அவருக்கும் கும்பிடுதான். இலையில் உட்கார்ந்ததும்தான் கஷ்டம் ஆரம்பித்தது. பரிமாறுகிறவனுக்கு முன்னால் குனிந்து உட்காருவது எனக்கு வாழ்நாளில் முதல் தடவை. தம்பி பருப்பு வாளியோடு வந்தான், மாஸ்டர் உத்தரவுப்படி மூன்று கரண்டி போட்டான். நெய்யை ஊற்றினான், மறுபடியும் ஊற்றினான். இரண்டு வடை, பக்கத்து இலைக்காரர் பார்க்காதபோது மூன்றாவது. கடைசியில் தயிர், கட்டியாக.

உப்பு. அதைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பருப்புச் சாதத்தில் முதல் வாய் வைத்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் என் முதுகைத் தட்டி, "பொண்ணப் பெத்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். கும்பிட்டேன்.

சரியாக அந்த நேரத்தில் வீடியோக்காரர் பெரிய விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

இப்படியே ஆவணி போயிற்று. முகூர்த்த நாளெல்லாம் பகலில் எங்காவது ஒரு பந்தியில் இருப்பேன். மாலையில் மாஸ்டர் கொடுத்தனுப்பும் பாலை வழியிலேயே குடித்துவிடுவேன். ராத்திரி வீட்டில் சுரைக்காய் கொஞ்சம் சாப்பிட்டு, "பசியில்ல" என்பேன். என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாயில் ஏலக்காய் வாசனை. ஒருநாள் சட்டையை முகர்ந்து பார்த்து, "எவ அவ?" என்றாள். "மாஸ்டரப் பாக்கப் போனேன்" என்றேன். "மாஸ்டரு ரோஜாப்பூ குடுத்தாரா?" என்றாள். சட்டைப்பையில் வரவேற்பில் கொடுத்த ரோஜா இருந்தது. நான் வழக்கம்போல் தலையாட்டினேன். எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அன்றிரவு அவள் என்னோடு பேசவில்லை.

டாக்டரம்மா சொன்ன கெடு நெருங்கியது. மூலை கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. ஆவணியின் கடைசி முகூர்த்தம் மாடம்பாக்கத்து மண்டபத்தில். முதல் பந்தியில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தலை குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் யாரோ வந்து உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைக்க ஒரு கை வந்தது. பச்சைக்கல் மோதிரம். மணிக்கட்டுக்கு உள்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம்.

முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. சார்.

நிமிர்ந்தேன். அவரும் நிமிர்ந்தார். பொண்ணு அவருடைய ஆபீஸ் நண்பரின் மகளாம். எதிர்வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்து அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்கய்யா இங்க?" என்றார் சார்.

கும்பிட்டேன்.

"என்ன கும்பிடற? எந்திரி. ஹார்ட் பேஷண்ட் கல்யாணச் சாப்பாடு சாப்பிடலாமா?"

அதற்குள் தம்பி நெய்க்கிண்ணத்தோடு என் இலைக்கு வந்துவிட்டான். பருப்பின் மேல் கரண்டியைச் சாய்க்கப் போனான். சார் தன் கையை நீட்டி என் இலைக்கு மேலே வைத்தார். விரல்கள் சேர்ந்திருந்தன.

"சார், கைய எடுங்க சார். நெய் சூடா கீது" என்றான் தம்பி.

"இவருக்கு ஊத்தாதப்பா. இவர் ஹார்ட் பேஷண்ட்."

"தெரியும் சார். அதான் ஊத்தறேன்."

"என்னப்பா விளையாடறியா? நெய் இவருக்கு விஷம்!"

விஷம் என்ற சொல் பந்தி முழுக்கக் கேட்டது. நாலு இலை தள்ளி ஒருவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "எதுல விஷம்?" என்றது ஒரு குரல். எதிர்வரிசைக் கிழவர் தன் நெய்யைச் சோற்றோடு ஒதுக்க ஆரம்பித்தார். சமையல்கட்டிலிருந்து மாஸ்டர் பக்கவாட்டில் வெளியே வந்தார். "எவண்டா என் நெய்ய விஷம்னது?" வீடியோக்காரர் இதைவிட நல்ல காட்சி கிடைக்காது என்று விளக்கோடு ஓடி வந்தார். பொண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "நீங்க... மாப்பிள்ளை வீடுதானே?" என்றார். மாப்பிள்ளையின் அப்பா, "இல்லையே, உங்க பக்கம்னு நெனச்சேன்" என்றார்.

அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாழ்நாள் முழுக்கப் பயந்த நிமிஷம் அதுதான். கும்பிடலாம் என்று கை தானாகப் போனது. போன கை வழியில் சட்டையைத் தொட்டது. உள்ளே அந்த மூலை இருந்தது. நாளைக்கு டாக்டரம்மா பார்க்கப் போகிற மூலை.

"சார், கைய எடுங்க" என்றேன். "எனக்குப் பசிக்குது."

சார் கையை எடுக்கவில்லை. நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. மேல் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை விலக்கினேன். வீடியோக்காரரின் விளக்கில் மெல்லிய தோலும் அதற்கடியில் பெட்டியும் பளிச்சென்று தெரிந்தன.

"சத்து இல்லன்னா இது தோலக் கிழிச்சிக்கினு வெளிய வந்துரும்னாங்க சார். வந்தா கழட்டிடுவாங்க. ஒங்களுக்கு அடைப்பு. எனக்கு அது இல்லயாம். எனக்குக் கரண்டு கம்மி, சதயும் கம்மி."

சார் பார்த்தார். அவருக்கு வந்த வியாதி உள்ளே வந்து உள்ளேயே இருந்துவிட்டது. இப்படி வெளியே தெரிகிற நெஞ்சை அவர் பார்த்ததில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன் சார். சிரிச்சீங்க."

கை மெதுவாக என் இலையை விட்டு நகர்ந்தது. தம்பி நெய்யை ஊற்றினான். சார் தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். அப்புறம் ஜாங்கிரியையும் வைத்தார். வைக்கும்போது அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பாயசம் வந்தபோது தன் இலைக்கு மேலே கையை நீட்டி "வேண்டாம்" என்றார். விரல்கள் அகன்றிருந்தன. நான் பார்த்தேன், தம்பியும் பார்த்தான். ஆனால் எதிர்வரிசையிலிருந்து அவர் மனைவியும் பார்த்துவிட்டார். பாயசம் அடுத்த இலைக்குப் போயிற்று.

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சாரும் கிளம்பினார், என் மனைவியும் கிளம்பினாள். முதல் நாளே சார் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவள் என் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, அழுது, என்னைத் திட்டி, பிறகு அடுப்படிக்குப் போய் எனக்கும் தனக்கும் உப்புப் போட்ட ரசம் வைத்திருந்தாள். "எவளோன்னு நெனச்சேன், பருப்பு சோறா?" என்றாள். அவ்வளவு நிம்மதியாக அவள் ரசம் குடித்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா காயத்தை அழுத்திப் பார்த்தார். எடை பார்க்கச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம்.

"சேர ஆரம்பிச்சிருக்கு. மூலையும் அமுங்கியிருக்கு" என்றார். "இப்போதைக்குத் தப்பிச்ச. இதே மாதிரி சாப்பிட்டுட்டு வா. என்ன சாப்பிட்ட?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முன்னால் வந்தார். "பருப்பு, நெய், தயிர், டாக்டர். நம்ம டயட்தான்."

"நல்ல டயட்" என்றார் டாக்டரம்மா. சார் தலை நிமிர்ந்து நின்றார். நான் கும்பிட்டேன்.

அதன் பிறகு சாரின் கண்டிப்பு தலைகீழாகத் திரும்பியது. முட்டையைக் கையால் தொடாதவர் அவர். ஆனாலும் தினம் மஞ்சள் பையில் கடைக்காரரையே முட்டையைப் போடச் சொல்லி, பையை உடம்பில் படாமல் தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவார். வாசலுக்கு வெளியே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முழுங்கிட்டானாம்மா?" என்று கேட்பார். "பாதிதான் சார்" என்பாள் என் மனைவி. "மீதியையும் முழுங்கச் சொல்லு, நான் நிக்கறேன்." ஐப்பசி மழை வருவதற்குள் காயம் முழுக்க மூடியது. பெட்டி மேல் தோல் கெட்டியாக உட்கார்ந்தது.

மறு வருஷம் மாடம்பாக்கத்து மண்டபத்தில் மறுபடி வாளி தூக்கினேன். ஒரு பந்தியில் ஓர் அம்மாவுக்குச் சாம்பார் ஊற்றக் குனிந்தபோது, அவர் இலையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அது நடந்ததே இல்லை.

"உங்கள எங்கேயோ பாத்திருக்கேனே" என்றார். "ஆங்! எங்க பெரிய பொண்ணு கல்யாணக் கேசட்ல! முதல் பந்தியில உக்காந்து அழுதுக்கிட்டே சாப்பிடுவீங்க. எங்க வீட்ல போட்டுப் பாக்கும்போதெல்லாம், பாவம், மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு எவ்வளவு பாசம்னு சொல்லிப்போம். அவங்க வீட்ல கேட்டா, உங்க பக்கத்து ஆளுன்னாங்க."

வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன்.

"ஐயோ, நீங்க எதுக்குப் பரிமாறுறீங்க? கல்யாணம்னா எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செய்யறதா? உக்காருங்க மொதல்ல!" என்று எழுந்து, என் கையைப் பிடித்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். "தம்பி, இவருக்குப் போடுப்பா."

தம்பி என் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"சாம்பார், பெரியப்பா?" என்றான்.

நான் இலைக்கு மேலே கையை நீட்டினேன். விரல்களை நன்றாக அகட்டி வைத்துக்கொண்டு, "போதும்" என்றேன்.